அங்கொடைக்குச் செல்லும் பாதை: மனநோயாளரைக் கட்டாயமாக வைத்தியசாலையில் அனுமதித்தலின் சமூக அடிப்படைகள்

1. வினாவும் நோக்கும்

கொழும்புத் தமிழரின் பேச்சு வழக்கில் 'இவனை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்' என்றொரு தொடர் உண்டு. சிங்கள மக்களிடையேயும் அவ்வூர்ப்பெயர் அதே பொருளில் வழங்குகின்றது. தமிழ்நாட்டிலே கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயருக்கு நேர்ந்த கதியும் இதுவேயாகும். ஓர் ஊரின் பெயர் ஒரு நோயின் பெயராக மாறுவதை மொழியியலார் பொருள் மாற்றம் என்று குறித்து அமைவர். ஆயின் சமூக வரலாற்றை நோக்கும் நாம் இத்தொடரின் வினைச்சொல்லையே முதலிற் கவனித்தல் தகும். நோயாளி அங்கொடைக்குப் போவதில்லை, அனுப்பப்படுகிறான். அனுப்புவோர் யாவர்? எந்தச் சட்டத்தின் பேரால் அனுப்புகின்றனர்? அனுப்பப்படுவோர் எவ்வர்க்கத்தினர், எம்மொழியினர்? கொழும்பு நகரை, சிறப்பாகத் தமிழர் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் முன்வைத்து, இவ்வினாக்களுக்கு விடைகாண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் பற்றி இருவகைக் கருத்துக்கள் பெருவழக்காயுள்ளன. நோயின் கடுமையே கட்டாய அனுமதிக்குக் காரணம் என்பது ஒன்று. உறவினரின் அன்பின்மையே காரணம் என்பது மற்றொன்று. முன்னையது மருத்துவ நோக்கு; பின்னையது ஒழுக்கவியல் நோக்கு. இரண்டும் தனிமனிதனையும் அவனது குடும்பத்தையும் தாண்டிச் செல்லாதவை. ஒரே நோய் கொண்ட இருவருள் ஒருவர் தம் வீட்டறையிலிருந்தே மருத்துவரைக் காண, மற்றவர் பொலிஸ் வண்டியில் ஏற்றப்படுவதேன் என்ற வினாவுக்கு இவ்விரு நோக்குகளாலும் விடை கூறவியலாது.

அதேவேளை, பித்து என்பது வெறும் சமூக முத்திரையே, நோய் என ஒன்றில்லை என்று வாதிடுவோருடனும் நாம் உடன்படவில்லை. பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பூக்கோ 1961 இல் வெளியிட்ட நூலில், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வறியோரும் வேலையற்றோரும் பித்தரும் ஒருங்கே அடைக்கப்பட்ட வரலாற்றை விரித்துரைத்தார். அவரது ஆய்வு நம் கண்களைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவரைப் பின்பற்றியோர் சிலர் நோயாளியின் துன்பத்தையே மறந்துவிட்டனர். நோய் மெய்யானது, துன்பமும் மெய்யானது. அத்துன்பத்தைச் சமூகம் எதிர்கொள்ளும் முறையே வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகின்றது. நோயை உடற்கூறும் வாழ்க்கையும் சேர்ந்து உண்டாக்கலாம். நோயாளி செல்லும் பாதையை உண்டாக்குவது சமூக உறவுகளே.

2. பழைய சமூகமும் பித்தும்

தமிழில் 'பைத்தியம்' என்னும் சொல் பித்தம் என்ற மருத்துவக் கருத்தின் அடியாகப் பிறந்தது. உடலின் நாடிகள் நிலைதிரிவதால் அறிவு திரியும் என்பது பழைய மருத்துவரின் கொள்கை. மறுபுறத்தில், பேய் பிடித்தல் என்ற விளக்கமும் அதற்கேற்ற சடங்குகளும் மக்களிடையே நிலவின. பக்தி மரபோ இறைவனையே பித்தன் என்றழைத்தது. இவற்றைச் சான்றாகக் காட்டி, பழந்தமிழ்ச் சமூகம் பித்தரைக் கனிவுடன் அரவணைத்தது என்று எழுதும் போக்கு ஒன்றுண்டு. இது ஆராய்ச்சியன்று, பழம்பெருமை.

நிலவுடைமைச் சமூகத்திலும் கட்டாயம் இருந்தது. கயிறும் சங்கிலியும் அடைத்த அறையும் குடும்பத்தின் கையிலும் வழிபாட்டிடங்களின் நிழலிலும் இருந்தன. அம்முறையின் எச்சம் எத்துணைக் கொடியது என்பதை 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி தமிழ்நாட்டின் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியிலே கண்டோம். தர்காவை அண்டிய தனியார் விடுதியொன்றில் அதிகாலையில் மூண்ட தீயில் 28 மனநோயாளர் மாண்டனர். அவர்கள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலவில்லை. எனவே கட்டாயம் அந்நியர் கொணர்ந்த புதுமையன்று. அந்நியர் கொணர்ந்த புதுமை, கட்டாயத்தைக் குடும்பத்தின் கையிலிருந்து அரசின் கைக்கு மாற்றிச் சட்டத்தின் மொழியில் எழுதியமையே. அம்மாற்றம் எப்பொருளாதாரத் தேவையின் பொருட்டு நிகழ்ந்தது என்பதே நமது அடுத்த வினா.

3. சட்டமும் உழைப்பும்

ஒல்லாந்தர் 1708 இல் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென அமைத்த இல்லத்திலேயே, பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் மனநோயாளரும் வைக்கப்பட்டனர். தொழுநோயாளரும் பித்தரும் ஒரே மதிலுக்குள் இருந்தமை தற்செயலன்று. நகரத்தின் பார்வையிலிருந்து அகற்றப்பட வேண்டியோர் என்பதே அவ்விரு சாராரையும் ஒன்றிணைத்த பொதுத்தன்மை. 1840 களின் பிற்பகுதியிலே பொறளையில் தனியான பைத்தியசாலை எழுந்தது. 1873 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பைத்தியர் கட்டளைச்சட்டம் இவ்வடைப்புக்கு முழுமையான சட்ட வடிவத்தை நல்கியது.

இச்சட்டத்தைத் தனித்து வாசித்தால் அதன் பொருள் புலப்படாது. அக்காலத்தின் ஏனைய சட்டங்களுடன் வரிசைப்படுத்தி வாசித்தல் வேண்டும். 1841 இன் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம், வேலையின்றித் திரிவதையும் பிச்சை ஏற்பதையும் தண்டனைக்குரியவை ஆக்கிற்று. 1865 இன் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம், வேலையை விட்டகலும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிற்று. 1872 இல் பெருந்தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச்சட்டம் பிறந்தது. அதற்கடுத்த ஆண்டிலே பைத்தியர் சட்டம் பிறந்தது. பின்னர், 1907 இல், அலைந்து திரிவோரை வைத்திருப்பதற்கான தடுப்பு இல்லங்கள் கட்டளைச்சட்டமும் வந்து சேர்ந்தது.

இவ்வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. கோப்பித் தோட்ட முதலாளித்துவத்துக்கு அசையும் உழைப்பு தேவைப்பட்டது. ஆனால் அவ்வசைவு தன் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும் எனவும் அது விரும்பிற்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டு வந்த தொழிலாளி தோட்டத்திலிருந்தால் உழைப்பு, தெருவிலிருந்தால் குற்றம், உழைக்கவும் இயலாது, குற்றத்துக்குப் பொறுப்பேற்கவும் இயலாது எனில் பைத்தியம். இம்மூன்று நிலைகளுக்கும் தோட்டம், சிறை, பைத்தியசாலை என்னும் மூன்று இடங்கள் வகுக்கப்பட்டன. இச்சட்டங்களை இயற்றியோர் யாவரும் கூடியிருந்து இவ்வாறு திட்டமிட்டனர் என்பது நமது வாதமன்று. தனித்தனிச் சிக்கல்களுக்குத் தனித்தனியே கண்ட தீர்வுகள் ஒரே பொருளாதாரத் தேவையின் அழுத்தத்தால் ஒரே வடிவத்தை எய்தின என்பதே நாம் கூற விரும்புவது.

1873 இன் சட்டம் வகுத்த நடைமுறையைச் சுருக்கமாகக் காண்போம். ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் என ஐயுறப்படின் அவர் மாவட்ட நீதிமன்றத்தின் முன் கொணரப்படுவார். நீதிபதி விசாரணை நடாத்தி, மருத்துவச் சாட்சியம் பெறுவார். தேவையாயின் அவதானிப்பு இல்லத்தில் வைத்து நோக்குமாறு பணிப்பார். பின்னர் சித்தசுவாதீனமற்றவரெனத் தீர்ப்பளித்து அடைப்புக்கு அனுப்புவார். இங்கே மருத்துவர் சாட்சி, நீதிபதியே தீர்மானிப்பவர். நோயாளியின் வருகை ஒரு வழக்காகவே தொடங்குகின்றது. வைத்தியசாலையின் வாயில் நீதிமன்றத்தினூடாகத் திறக்கும்போது, நோயாளி தன்னைக் குற்றவாளியாகவே உணர்வதில் வியப்பில்லை.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தல் வேண்டும். 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சொத்துடைய ஒருவர் சித்தசுவாதீனம் இழப்பின் அவரது சொத்தைப் பராமரிக்க முகாமையாளரை நியமிக்கும் முறையை விரிவாக வகுத்துள்ளது. ஆக, ஒரே நீதிமன்றத்துக்குச் செல்லும் இரு பாதைகள் உள. சொத்துடையவன் செல்லும் பாதையில் விசாரணையின் மையம் அவனது காணியும் பணமும். அவற்றைக் காப்பதற்காக அவனையும் காக்க வேண்டியுள்ளது. சொத்தற்றவன் செல்லும் பாதையில் விசாரணையின் மையம் அவனது உடல். அதனை எங்கே வைப்பது என்பதே வினா. முதலாளித்துவச் சட்டத்தின் முன் அனைவரும் சமம் எனும் கூற்றை இதனினும் தெளிவாக மறுக்கும் சான்று அரிது.

4. துறைமுக நகரத்தில்

பித்தர் தொகை பெருகியது நோய் பெருகியதாலா, நகரம் பெருகியதாலா என்னும் வினாவுக்குக் கொழும்பின் வரலாற்றிலேயே விடை தேடல் வேண்டும். 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட கோப்பி இலைநோய், அடுத்த இரு பத்தாண்டுகளுள் அப்பயிரையே வீழ்த்தியது. 1875 டிசெம்பரில் கொழும்புத் துறைமுகத்து அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மலைநாட்டில் வேலை குன்றிய காலமும் துறைமுகத்தில் வேலை பெருகிய காலமும் ஒன்றையொன்று தொட்டு நின்றன. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி ஆகிய பகுதிகளிலே நாட்கூலிக்கு உழைக்கும் தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழத் தலைப்பட்டனர். அவர்களுட் பலருக்குக் குடும்பம் கடலுக்கு அப்பால் அல்லது தொலைவான ஊரில் இருந்தது. இதே காலத்தில், 1880 களிலே, கறுவாத்தோட்டத்தின் ஜாவத்தையில் புதிய பைத்தியசாலை எழுந்தது. அதுவும் சில பத்தாண்டுகளில் நிரம்பி வழிந்தமையால், 1920 களின் பிற்பகுதியில் நகரத்துக்கு வெளியே அங்கொடையில் பெரும் வைத்தியசாலை அமைக்கப்பட்டது. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையைச் சேர்ந்த எட்வேட் மப்போதர் 1937 இல் இங்கு வந்து ஆராய்ந்தபோது அங்கொடையும் அளவிறந்து நெருக்குண்டு கிடந்தது. புறநோயாளர் சிகிச்சை, பயிற்சிபெற்ற மருத்துவர், பொது வைத்தியசாலையுடன் இணைப்பு ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார்.

அடுத்தடுத்துக் கட்டிய மதில்கள் யாவும் விரைவில் நிரம்பியமைக்குக் காரணம் யாது? உள்ளே வந்தவர் வெளியே செல்ல வழியில்லாமை ஒரு முக்கிய காரணம். நோய் தணிந்த ஒருவனை விடுவிப்பதற்கு அவனை ஏற்கும் வீடு வேண்டும். கூலியுழைப்பையன்றி வேறொன்றும் இல்லாதவனுக்கு வீடென்பது அவன் உழைக்கும் வரையில் மட்டும் உள்ள ஒன்று. தோட்டத் தொழிலாளியின் லயத்து அறை தோட்டத்துக்குரியது. துறைமுகத் தொழிலாளியின் படுக்கை கூலி கொடுக்கும் நாள்வரை அவனுக்குரியது. நோய் ஒரு மாதத்தில் தணியலாம். இழந்த அறை திரும்பக் கிடைக்காது. இவ்வாறு மருத்துவக் காரணம் நீங்கிய பின்னரும் அடைப்பு நீடிக்கும் நிலையைப் பொருளாதாரக் காரணமே தோற்றுவிக்கின்றது.

1930 களின் நிகழ்ச்சிகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. உலகப் பொருளாதார வீழ்ச்சியின் காலத்தில், 1933 இல், வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி இளைஞர் அதற்குத் தலைமை தாங்கினர். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்கவோ இனவாத நிலைப்பாட்டை மேற்கொண்டு, ஆலையிற் பெருந்தொகையாக இருந்த மலையாளத் தொழிலாளருக்கு எதிராக நின்றார். 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். வேலையையும் தங்குமிடத்தையும் ஒரே நாளில் இழந்த மனிதன், மொழி புரியாத நகரத்தின் தெருவில் தன்னுடன் தானே பேசிக்கொண்டு நின்றால், அவனை முதலிற் காண்பவர் உறவினரல்லர், பொலிஸாரே. கட்டாய அனுமதியின் முதற் காரணி நோயின் கடுமையன்று, முதலிற் காண்பவர் யாரென்பதே என்ற முடிவுக்கு நாம் இங்கே வருகிறோம்.

5. சீர்திருத்தமும் அதன் எல்லையும்

பிரித்தானியாவில் 1930 இன் மனநலச் சிகிச்சைச் சட்டம், தாமாக விரும்பிவரும் நோயாளர், தற்காலிக நோயாளர் என்ற புதிய வகைகளை ஏற்படுத்தியது. இலங்கையிலும் 1940, 1956 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களின் வழியே இவ்வகைகள் இடம்பெற்றன. சட்டத்தின் பெயரும் மனநோய்கள் கட்டளைச்சட்டம் என மாறிற்று. நீதிமன்றத்துக்குச் செல்லாமலே, கணவன் அல்லது மனைவி அல்லது உறவினரின் விண்ணப்பத்தின் பேரிலும் மருத்துவரின் பரிந்துரையின் பேரிலும் ஒருவரைத் தற்காலிக நோயாளராக அனுமதிக்க வழி பிறந்தது. 1950 களில் குளோர்புரோமசீன் முதலான மருந்துகள் வந்ததும், நெடுங்கால அடைப்பு தவிர்க்கவியலாதது என்ற எண்ணமும் ஆட்டங்கண்டது.

இவை முன்னேற்றங்களே. எனினும் இரு குறைகளைச் சுட்ட வேண்டும். முதலாவது மொழி பற்றியது. பெயர் மாற்றம் நிகழ்ந்த அதே 1956 இலே 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கிற்று. ஏனைய நோய்களில் மருத்துவர் நாடியையும் குருதியையும் பார்த்துப் பெரும்பகுதியை அறிவர். மனநோயிலோ நோயாளியின் பேச்சே நாடி. அவனது சொல்லே குருதி. அச்சொல் புரியாதபோது நோயைக் கணிப்பதெங்ஙனம்? இன்னொரு மொழியில் நியாயமான அச்சத்தைக் கூறுபவனின் பேச்சும் குழறலாகவே செவியில் விழும். நோயாளியின் மறுப்பு மறுப்பாகப் பதியப்படாவிடில், அவன் இசைந்தானா எதிர்த்தானா என்ற வினாவே எழாது. தீவின் மனநோய்ப் படுக்கைகளில் மிகப்பெரும் பகுதி நெடுங்காலமாக அங்கொடை, முல்லேரியா, ஹெந்தளை எனக் கொழும்பை அண்டிய சிங்களப் பிரதேசங்களிலேயே இருந்தமையால், வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் இருந்து வந்த தமிழ் நோயாளிக்கு அடைப்பென்பது ஊரையும் மொழியையும் ஒருங்கே இழத்தலாயிற்று.

மலைநாட்டுத் தமிழரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964 இன் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென விட்டது. குடும்பமே கப்பலேறிச் சென்றபின் வைத்தியசாலையில் எஞ்சிய ஒருவரை ஏற்க வருபவர் யார்? எந்த நாட்டினர் என்று தீர்மானிக்கப்படாத ஒருவர் எந்த வீட்டுக்குத் திரும்புவார்? இத்துறையில் ஆராய முற்படும் இளைஞர் வைத்தியசாலைப் பதிவேடுகளை இக்கண்கொண்டு நோக்குவார்களாயின் நம் சமூக வரலாற்றின் மறைந்துபோன அத்தியாயம் ஒன்று வெளிப்படும் என நம்புகிறோம்.

இரண்டாவது குறை குடும்பம் பற்றியது. நீதிபதியின் இடத்தை உறவினர் பெற்றதால் கட்டாயம் மறையவில்லை, கண்ணுக்குப் புலப்படாததாயிற்று. உறவினர் அழைத்து வந்த நோயாளி, வாயில் திறந்து எதிர்க்காதவரை, விரும்பி வந்தவராகவே கொள்ளப்படும் நடைமுறை வேரூன்றியது. குடும்பம் அன்பின் உறைவிடம் மட்டுமன்று, சொத்துறவின் அலகுமாகும். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியையும் கணவனின் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாதவள். அத்தகைய பெண்ணின் மனநிலை பற்றி விண்ணப்பிக்கும் உரிமையும் அக்கணவனுக்கே உண்டெனில், விண்ணப்பதாரரின் நலனும் நோயாளியின் நலனும் ஒன்றே எனச் சட்டம் எடுத்துக்கொள்வது எவ்வளவு துணிவான ஊகம்! எல்லாக் கணவரும் தீயர் என்பதன்று இதன் பொருள். நன்மனத்தை நம்பி உரிமையை விட்டுவிடும் சட்டம் நல்ல சட்டமன்று என்பதே.

6. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இன்று

1983 யூலை வன்செயல்களில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பட்டவை யாவரும் அறிந்தவை. பின்வந்த போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் இவ்விரு பகுதிகளையுமே நாடி வந்தனர். ஆயின் இரு பகுதிகளின் வர்க்க இயல்பும் வேறுபட்டது. வெள்ளவத்தையிலே புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பணத்தால் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. கொட்டாஞ்சேனையிலே பயணத்துக்கும் வேலைக்கும் காத்திருப்போரின் விடுதிகள் பெருகின.

இவ்வேறுபாடு மனநோயாளியின் பாதையிலும் வெளிப்படுகின்றது. அடுக்குமாடி வீட்டில் தனித்து வாழும் முதியவருக்கு நோய் கடுமையாயின், வெளிநாட்டுப் பிள்ளையின் பணம் தனியார் மருத்துவரையும் உதவியாளரையும் அமர்த்தும். அவரது கட்டாயம் வீட்டுக்குள்ளேயே, கதவைப் பூட்டும் உதவியாளரின் உருவில் நிகழும். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. விடுதி அறையில் தங்கியவருக்கோ அக்கதவும் இல்லை. அறை உரிமையாளர் பொலிஸை அழைப்பார். அக்காலத்தில் தமிழருக்குப் பொலிஸ் எனும் சொல்லே பதிவு, சோதனை, கைது என்பவற்றை நினைவூட்டியது. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அதிகாலையில் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. சித்தம் தெளிந்தவரையே காரணமின்றி வண்டியில் ஏற்றும் ஆட்சியில், சித்தம் கலங்கியவரின் உரிமையைப் பற்றி யார் பேசுவர்?

2009 ஒக்டோபர் இறுதியில், வெள்ளவத்தையை அடுத்த பம்பலப்பிட்டிக் கடற்கரையில், மனநலம் பாதிக்கப்பட்டிருந்ததாக அறியப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் வாகனங்கள் மீது கல்லெறிந்தார் என்பதற்காகக் கடலுக்குள் துரத்தப்பட்டுத் தடிகளால் தாக்கப்பட்டு மூழ்கி மாண்டார். பகல் வேளையில், பலர் பார்த்திருக்க இது நிகழ்ந்தது. தொலைக்காட்சி ஒளிப்பதிவால் நாடே கண்டது. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். அவ்விளைஞருக்கு வேண்டியிருந்தது மருத்துவம், கிட்டியது தடி. கட்டாய அனுமதியைப் பற்றிப் பேசும்போது இந்நிகழ்ச்சியை நாம் மறத்தலாகாது. பொலிஸை மருத்துவத்தின் முதல் வாயிலாக வைத்திருக்கும் சமூகத்தில் சிலர் அவ்வாயிலைத் தாண்டுமுன்னரே இறந்துவிடுகின்றனர்.

7. உலக அனுபவம்

இவை இலங்கைக்கோ தமிழருக்கோ மட்டும் உரியனவல்ல. 22 நாடுகளைச் சேர்ந்த 77 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2019 இல் இங்கிலாந்து ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை, கட்டாய அனுமதியுடன் தொடர்புற்ற காரணிகளை ஆராய்ந்தது. உளப்பிளவு போன்ற கடும் நோய்களும் முன்னர் கட்டாயமாக அனுமதிக்கப்பட்டமையும் அவற்றுள் அடங்கும். ஆனால் வேலையின்மை, மணமாகாமை, சொந்த வீடின்மை, பொலிஸின் தலையீடு, வாழும் பகுதியின் வறுமை என்பனவும் அவற்றோடு சேர்ந்தே வருகின்றன. இங்கிலாந்தில் கறுப்பின மக்கள் வெள்ளையரைவிடப் பன்மடங்கு அதிகமாகக் கட்டாயத்துக்கு உள்ளாகின்றனர் என்பது அந்நாட்டு அரசின் புள்ளிவிபரங்களே ஒப்புக்கொள்ளும் உண்மை. கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் வரலாற்றிலிருந்து நாம் ஊகித்தறிந்ததை இலண்டன் நகரின் எண்கள் உறுதிப்படுத்துகின்றன.

மாற்று வழி இல்லாமலில்லை. இத்தாலியிலே பிராங்கோ பசாலியாவும் அவருடன் உழைத்த மருத்துவர், தாதியர், தொழிற்சங்கத்தினரும் நடாத்திய இயக்கத்தின் பயனாக 1978 இல் 180 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. மனநோய் வைத்தியசாலைகளைப் படிப்படியாக மூடி, சமூகத்தினுள்ளே சிகிச்சை நிலையங்களை அமைக்க அது வழிவகுத்தது. பசாலியா மார்க்சியச் சிந்தனையால் ஊட்டம் பெற்றவர் என்பதை நாம் பெருமையுடன் குறிப்பிடலாம்.

ஆயின் பெருமையை மட்டும் கூறி நிறுத்துதல் நேர்மையாகாது. சோவியத் ஒன்றியத்திலே அரசை மறுத்தோர் சிலர் உளப்பிளவு நோயினர் என முத்திரையிடப்பட்டு அடைக்கப்பட்டனர். இது பற்றிய கண்டனம் முற்றிய நிலையில், 1983 இல் சோவியத் மனநல மருத்துவர் சங்கம் உலகச் சங்கத்திலிருந்து விலகிற்று. உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையான இடத்திலும் மனிதனை அடைக்கும் அதிகாரம் தனித்தொரு தீங்காக வளரலாம் என்பதை இது உணர்த்துகின்றது. நம் நாட்டின் இடதுசாரிகளும் துறைமுகத்தையும் ஆலையையும் தோட்டத்தையும் ஒழுங்கமைத்தனரேயன்றி அங்கொடையின் மதிலுக்குள் இருந்த அதே வர்க்கத்தினரைப் போதியளவு எண்ணிப் பார்க்கவில்லை. உழைக்கும் வரையிலேதான் அவர் நம் தோழர் என்றால், முதலாளியின் அளவுகோலையே நாமும் கைக்கொண்டோம் என்பதன்றி வேறென்ன?

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மனநோயாளர் கட்டாயமாக அனுமதிக்கப்படுவதற்கு நோயின் தன்மை ஒரு காரணியே. நிலையான வீடின்மை, வேலையின்மை, உறவினரிடமிருந்து பிரிக்கப்பட்டமை, மொழியின் அந்நியம், குடும்பத்தின் சொத்துறவு, முதலிற் சந்திப்பது பொலிஸாக இருத்தல் ஆகியவை அதனோடு இணைந்து செயற்படுகின்றன. கொழும்பில் இக்காரணிகள் கொலனித்துவப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தால் தோற்றுவிக்கப்பட்டு, இன ஒடுக்குமுறையால் கூர்மையடைந்தன.

2005 இல் இலங்கையின் தேசிய மனநலக் கொள்கை சமூக அடிப்படையிலான சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. 2008 இல் அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் ஆயிற்று. மாவட்டங்களில் மனநலப் பிரிவுகள் பெருகியுள்ளன. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் 1873 இன் அடித்தளத்தில் எழுந்த சட்டத்துக்குப் பதிலாகப் புதியதொரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு, வரைவு மேல் வரைவாகப் பத்தாண்டுகளைக் கடந்தும் 2020 களின் தொடக்கம் வரை சட்டமாக முற்றவில்லை. இந்தியா 1912 இன் சட்டத்தை 1987 இலும் பின்னர் 2017 இலும் மாற்றியமைத்துள்ளமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கட்டாயம் எந்நிலையிலும் கூடாது என்று நாம் கூறவில்லை. தன்னுயிரையே மாய்க்க முற்படும் ஒருவரைத் தடுக்காமல் விடுதல் சுதந்திரமன்று, கைவிடுதலேயாகும். வறியவருக்குச் சிகிச்சையை மறுத்துத் தெருவில் விடுவதும் கட்டாயத்தின் மறுமுகமே. நாம் வேண்டுவன இவை: கட்டாயம் இறுதி வழியாதல், அதற்குக் காலவரையறையும் சுதந்திரமான மீளாய்வும் இருத்தல், நோயாளி தன் மொழியிற் பேசி விளங்கப்படுதல், பொலிஸின் இடத்தில் பயிற்சிபெற்ற மருத்துவ ஊழியர் செல்லுதல், விடுவிக்கப்படுபவருக்கு இருக்க ஓர் அறையும் செய்ய ஒரு வேலையும் இருத்தல். இவற்றுட் கடைசியானது மருத்துவரால் எழுதிக்கொடுக்கக்கூடிய மருந்தன்று.

கறுவாத்தோட்டத்துப் பழைய பைத்தியசாலைக் கட்டடம் பின்னர் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களமாக இருந்தது. 2014 இல் அது புதுப்பிக்கப்பட்டு, சுதந்திர சதுக்கத்தை அண்டிய உயர்ரக அங்காடியாகத் திறக்கப்பட்டது. வெண்சுவர்களும் வளைவுகளும் அழகுற விளங்கும் அக்கட்டடத்தில் ஒருகாலத்தில் அடைக்கப்பட்டோரின் சந்ததியினர் இன்று பொருள் வாங்கும் நிலையில் இல்லை. அன்று அவர்கள் வெளியே வரவியலாதிருந்த இடத்துக்குள் இன்று அவர்கள் செல்லவியலாதிருக்கின்றனர். கட்டடத்தின் பயன் மாறிற்று. கதவைத் திறக்கும் உரிமை யாரிடமுள்ளது என்பது மாறவில்லை. அவ்வுரிமை பற்றிய வினாவை மருத்துவரிடமும் சட்டத்தரணியிடமும் மட்டும் விட்டுவிடாது, சமூக விஞ்ஞானத்தின் வினாவாகவும் மக்கள் இயக்கங்களின் வினாவாகவும் எடுத்துச் செல்வது நம் தலைமுறையினரின் கடமையாகும்.